பட்டுவாடா ஆகாத கடிதம்

ஆள் வருவதற்கு முன்னால் ஊன்றுகோலின் சத்தம் மாடிப்படி ஏறி வந்தது. டொக், ஒரு நிறுத்தம், மறுபடி டொக். கீழே இருந்த டயர் கடைக்காரர், "கை குடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டதும், "கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, கால்தான் கணக்குல குறையுது" என்று ஒரு பெண்குரல் பதில் சொன்னதும் மேலே அறைக்குள் தெளிவாகக் கேட்டன.

மச்சினன் எழுந்து ஓடப் பார்த்தான்.

"உக்காரு மாப்ளே," என்றார் சர்வேயர். "அவங்களே ஏறணும்னு நினைக்கிறாங்க. ஏறட்டும்."

சர்வேயர் இருபது வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளை அளந்தவர். இழப்பீட்டில் எதை எப்படிக் குறைக்கலாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் அப்போது அவர் வேலை. ஒருநாள் அதை விட்டுவிட்டு மேசையின் மறுபக்கத்துக்கு வந்துவிட்டார். இப்போது அதே அளவுநாடாவை அடிபட்டவர்களின் வக்கீல்களுக்காகப் பிடிக்கிறார். மச்சினன் அவருடைய மனைவியின் தம்பி. முப்பத்திரண்டு வயது, மாலைநேரச் சட்ட வகுப்பில் இரண்டாம் வருடம், அதுவும் இரண்டாவது முறையாக. எதையும் எண் போட்டு நோட்டில் எழுதாமல் அவனுக்கு நம்பிக்கை வராது. எழுதிய பிறகும் வராது.

வந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்ததும் வலது கால் மடங்காமல் நேராக நீண்டு நின்றது. தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நான் தபால்காரி சார். பதினோரு வருஷமா ஒரே ஏரியா. ஏழு மாசத்துக்கு முன்னாடி சைக்கிள்ல போகும்போது ஒரு கார் அடிச்சிருச்சு. நஷ்டஈடு கேட்டுக் கேஸ் போட்டேன். இன்னும் ஒன்பது நாள்ல விசாரணை. அதுக்குள்ள இதுல கையெழுத்துப் போட்டா ஒரு தொகை தர்றோம்னு இன்சூரன்ஸ்காரங்க அனுப்பியிருக்காங்க. மூணாவது வரியைப் படிங்க."

மச்சினன் உரக்கப் படித்தான். "ஒருவழிச் சந்தில் எதிர்த்திசையில் வந்து, விபத்துக்குத் தானே காரணமாக இருந்தபோதிலும், மனிதாபிமான அடிப்படையில்..."

"போதும்," என்றாள் தபால்காரி. "தொகை கம்மின்னு நான் வரலை. அந்த வரிக்காகத்தான் வந்தேன். என் காலு இனிமே மடங்காது. உட்கார்ந்து கடிதம் பிரிக்கிற வேலை தர்றோம்னு ஆபீஸ்ல சொல்றாங்க. ஆனா ரூல் மீறி வண்டி ஓட்டினவன்னு என் கையாலேயே எழுதிக் குடுத்துட்டா அந்த வேலையும் கிடையாது. காலை உடைச்சாங்க, சரி. நான்தான் உடைச்சுக்கிட்டேன்னு சொல்லச் சொல்றாங்க. முடியாது."

"நடந்ததைச் சொல்லுங்க."

அவள் ஊன்றுகோலை மேசையோரம் சாய்த்து வைத்தாள்.

"அதுதான் சார் சிக்கல். எனக்கு ஞாபகம் இல்லை. காலையில மழை. ஆபீஸ்ல கடிதமெல்லாம் பிரிச்சு அடுக்கினது ஞாபகம் இருக்கு. அடுத்து ஆஸ்பத்திரிக் கூரை. நடுவுல இருந்தது எல்லாம் தலையில அடிபட்டதுல போயிடுச்சு."

"எந்த வழியா வந்தீங்கன்னு உங்களுக்கே தெரியாதா?" மச்சினன் கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தான்.

"தெரியாது தம்பி. ஆனா பதினோரு வருஷத்துல ஒருநாள்கூட நான் அந்தச் சந்துல எதிர்ப்பக்கமா வந்ததில்லை. பெரிய ரோட்டுல இருந்து உள்ளே நுழைவேன், வீடு வீடாப் போட்டுக்கிட்டே போய் அந்தக் கடைசியில வெளியேறுவேன். அன்னைக்கு மட்டும் ஏன் திரும்பி வரப்போறேன்? ராத்திரியெல்லாம் நானே என்னைக் கேட்டுக்கிறேன். ஒருவேளை வந்திருப்பேனோன்னு."

"கார்க்காரர் யாரு?"

"மரக்கடைக்காரர். பெரிய ரோட்டுல கடை. தினமும் அவருக்கும் நான்தான் தபால் குடுத்தேன். அன்னைக்குச் சிதறின கடிதத்தையெல்லாம் பொறுக்கிப் பையில போட்டு, போலீஸ் வர்றவரைக்கும் மழையில நின்னு காவல் காத்தாராம். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் கொண்டுவந்தாரு. நல்ல மனுஷன்னு ஊரே சொல்லுது."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"ஆப்பிளை நர்ஸுக்குக் குடுத்துட்டேன்," என்றாள்.

அவளுக்கு எதிராக இருந்த சாட்சியத்தை மச்சினன் அன்று மாலையே நோட்டில் எழுதினான். போலீஸ் தபால் நிலையத்தில் ஒப்படைத்த பையில் சந்துக்குரிய கடிதம் ஒன்றுகூட இல்லை. சந்துக்கு அப்புறம் போகவேண்டிய தெருக்களின் கடிதங்கள் எல்லாம் இருந்தன. சந்தில் ஐந்து வீட்டுக்காரர்கள், அன்று தங்களுக்குத் தபால் வந்தது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆக, அவள் சந்துக்குள் போய் எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். அப்படியென்றால் பெரிய ரோட்டு முனையில் அடிபட்டவள் சந்திலிருந்து திரும்பித்தான் வந்திருக்க வேண்டும். சைக்கிளும் சந்தின் வாயில், ரோட்டைப் பார்த்தபடி கிடந்ததாகப் போலீஸ் படம் காட்டியது.

"மாமா, இதுல ஓட்டையே இல்லையே," என்றான்.

"ஓட்டை இல்லாத சட்டையை யாராவது தினமும் போடுறானா மாப்ளே? புதுசா தச்சதுலதான் ஓட்டை இருக்காது. நாளைக்குப் போய்ப் பார்ப்போம்."

சந்தின் முனையில் ஒரு மருந்துக்கடை இருந்தது. எதிரே ஒரு பக்கம் முழுக்கக் கிடங்குச் சுவர். மருந்துக்கடைக்காரர் எதையும் மறைக்கிற ஆளாகத் தெரியவில்லை.

"டமால்னு சத்தம் கேட்டு வெளியே வந்தேன். நல்ல மழை, ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லை. அந்தம்மா பெரிய ரோட்டு ஓரத்துல விழுந்து கிடந்தாங்க. மரக்கடைக்காரர் பக்கத்துல நின்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தாரு. 'நான் பார்த்துக்கிறேன், நீங்க தூக்கிட்டு ஓடுங்க'ன்னாரு. என் வண்டியில போட்டுக்கிட்டுப் போனேன்."

"சைக்கிள் எங்கே கிடந்தது?"

மருந்துக்கடைக்காரர் யோசித்தார். "அதைப் பார்க்கலைங்க. ரத்தத்தைத்தான் பார்த்தேன். திரும்பி வந்தப்ப சந்து வாயில கிடந்தது."

"திரும்பி வர எவ்வளவு நேரமாச்சு?"

"அரைமணி நேரம். போலீஸும் அப்பத்தான் வந்து இறங்கினாங்க."

சர்வேயர் தலையை மட்டும் ஆட்டினார். ரோட்டில் குனிந்து எதையோ தேடப்போன மச்சினனை, "ஏழு மாசம் பெருக்கின ரோடு அது," என்று சொல்லி நிறுத்தினார்.

சந்துக்குள் முதல் வீட்டு மாடியில் ஒரு டீச்சர் இருந்தார். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே பேசினார்.

"தபால் வந்தது உண்மைதான். எழுதிக் குடுத்தேன். ஆனா பெட்டியில இருந்து எடுக்கும்போது சேறும் சகதியுமா இருந்துச்சு. மழையில நனைஞ்சிருக்கும்னு துடைச்சுட்டேன். அந்தம்மா எப்பவும் அப்படிக் குடுக்கமாட்டாங்க, பிளாஸ்டிக் உறைக்குள்ள வச்சுத்தான் எடுத்துட்டு வருவாங்க."

"வேற ஏதாவது வித்தியாசம்?"

"சொல்லலாமான்னு தெரியலை, சின்ன விஷயம். எப்பவும் சைக்கிள் மணியை ரெண்டு தடவை அடிப்பாங்க. சாரல் அடிக்குதுன்னு சன்னலைச் சாத்திட்டு, பக்கத்துலேயே உக்காந்திருந்தேன். அன்னைக்கு மணிச்சத்தமே கேக்கலை."

மச்சினன் 'மணி அடிக்கவில்லை' என்று எழுதினான். மழைச் சத்தத்தில் கேட்காமல் போயிருக்கும் என்று தோன்றவே, அந்த வரியைக் கோடு போட்டு அடித்தான். பிறகு அடித்ததையும் விட மனமில்லாமல் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.

சந்தின் நடுவில் பூட்டு ரிப்பேர் கடை. சுவர் முழுக்கச் சாவிகள். ஷட்டருக்குப் பக்கத்தில் தூசி படிந்த ஓர் இரும்புத் தபால் பெட்டி, மழைக்கு மறைப்பாக மேலே ஒரு தகரத்துடன். பூட்டுக்காரர் ஒரு பழைய பூட்டின் வயிற்றைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அன்னைக்குத் தபால் வரலை. அதனாலதான் நான் எழுதிக் குடுக்கலை," என்றார். "வரவேண்டியது வரலை. மாசம் ஒண்ணு வரும், என் பொண்ணுகிட்ட இருந்து. எனக்கும் அவளுக்கும் போன்ல பேசினா சண்டைதான், அதனால எழுத்துலதான் உறவு. அந்த மாசத்தோட அவளும் நிறுத்திட்டா. நானும் வீம்புக்கு எழுதலை."

"இந்தப் பெட்டியில பார்த்தீங்களா?"

பூட்டுக்காரர் சிரித்துவிட்டார். "அதைத் திறந்து ஒன்பது வருஷமாச்சு. சாவி தொலைஞ்சு, பூட்டு துரு ஏறி இறுகிக் கிடக்கு."

"நீங்க பூட்டுக்காரர்தானே?" என்றான் மச்சினன்.

"ஊரார் வீட்டுப் பூட்டுக்கே நேரம் போதலை. இதுக்கு யாரு கூலி குடுப்பா?" என்றார் அவர் கொஞ்சம்கூட வெட்கப்படாமல். "தபாலம்மாவுக்குத் தெரியும். கையில குடுப்பாங்க. கடை சாத்தியிருந்தா ஷட்டருக்கு அடியில தள்ளிவிடுவாங்க. இப்ப வர்ற புது ஆளு முதல் நாளே பெட்டியில போடப் போனான், கத்தி நிறுத்தினேன். விளம்பர நோட்டீஸ் குடுக்கிறவனுங்களுக்குத்தான் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது, அதுக்குள்ளேயே திணிச்சுட்டுப் போறானுங்க."

"விபத்து நடந்த அன்னைக்கு நீங்க கடையில இருந்தீங்களா?"

"இல்லை. யாரோ வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்கன்னு திறக்கப் போயிருந்தேன். மத்தியானம்தான் வந்தேன்."

மச்சினன் கைப்பேசி வெளிச்சத்தைப் பெட்டியின் வாய்க்குள் அடிக்கப் போனான். சர்வேயர் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அவர் இப்படி யாரையும் தொட்டுத் தடுத்து அவன் பார்த்ததில்லை.

"தொடாதே மாப்ளே. பெட்டி பக்கமே போகாதே. அய்யா, நீங்களும் இதை இப்ப திறக்கக் கூடாது. நாலு பேர் முன்னாடி நீங்கதான் திறக்கணும். கூலி நான் தர்றேன்."

அன்று மாலை சர்வேயர் இரண்டு காரியங்கள் செய்தார். விபத்து நடந்த இடத்தையும் சந்தையும் தீர்ப்பாயமே பார்வையிடவேண்டும் என்று தபால்காரியின் வக்கீல் மூலம் மனுக் கொடுக்க வைத்தார். பிறகு தன் பழைய கம்பெனியின் அதிகாரிக்குப் போன் செய்தார்.

"மரக்கடைக்காரர் தன் காரை ரிப்பேர் பண்ணினதுக்குப் பணம் கேட்டிருப்பாரே? உடைஞ்ச பாகத்தை ஒப்படைச்சாத்தானே நீங்க தருவீங்க? அது இன்னும் உங்க அலமாரியில இருக்கும். வரும்போது எடுத்துட்டு வாங்க, கவர் பிரிக்காம."

ஆறாம் நாள் காலை பதினோரு மணிக்கு எல்லோரும் பூட்டுக்கடை முன்னால் நின்றார்கள். தீர்ப்பாயத்திலிருந்து வந்த அலுவலர் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, கேட்டதைத் தவிர வேறு பேசாதவர். இன்சூரன்ஸ் அதிகாரி கையில் ஒட்டி மூடிய உறை. மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மாடிச் சன்னலில் டீச்சர். தபால்காரி ஊன்றுகோலில் நின்றாள், யாரோ கொண்டுவந்து போட்ட நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மரக்கடைக்காரர் கடைசியாக வந்தார். "எப்படிம்மா இருக்கே? எதுக்கு இந்த அலைச்சல் எல்லாம்? நான்தான் கம்பெனிக்காரங்ககிட்ட உனக்காகப் பேசியிருக்கேனே."

"நான் பேசச் சொன்னேனா?" என்றாள் அவள்.

சர்வேயர் அவர் பக்கம் திரும்பினார். "அய்யா, ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு மருந்துக்கடைக்காரர் போனதுக்கப்புறம் போலீஸ் வர்ற வரைக்கும் அரைமணி நேரம். அங்கே வேற யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரலை. மழையில நான் ஒத்தை ஆளா நின்னேன்."

"சந்துக்குள்ள போய் உதவிக்கு யாரையாவது கூப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"எனக்கென்ன தலையெழுத்தா? பையையும் சைக்கிளையும் விட்டு நகரவே இல்லை. இந்தச் சந்துக்குள்ள நான் கால் வைக்கிறதே இன்னைக்குத்தான்."

"எழுதிக்கோ மாப்ளே," என்றார் சர்வேயர். அலுவலரும் எழுதிக்கொண்டார்.

பூட்டுக்காரர் பெட்டிக்கு எண்ணெய் விட்டார், கம்பியை நுழைத்தார், திட்டினார். கடைசியில் பூட்டு திறக்காமல் கையோடு உடைந்து வந்தது. "ஒன்பது வருஷம்," என்றார் எல்லோருக்கும் பொதுவாக.

உள்ளே பெட்டி கழுத்துவரை நிரம்பியிருந்தது. சர்வேயர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீங்களே மேலே இருந்து ஒவ்வொண்ணா எடுங்கம்மா."

அலுவலர் எடுத்தார். கண் பரிசோதனை முகாம், போன வாரத் தேதி. கட்டில் மெத்தை தள்ளுபடி, மூன்று மாதம் முன்பு. டியூஷன் சென்டர், ஐந்து மாதம். செருப்புக்கடைத் திறப்பு விழா, விபத்துக்கு அடுத்த வாரம். அதற்கடியில் சேறு காய்ந்து ஒட்டிய ஒரு நீல உறை. அதற்கும் கீழே விபத்துக்கு முந்தைய மாதத்து நோட்டீஸ் ஒன்று.

"நம்ம தபால் ஆபீஸ் முத்திரையில என்ன தேதி?" என்றார் சர்வேயர்.

அலுவலர் உறையை வெளிச்சத்தில் பிடித்தார். "விபத்து நடந்த நாள்."

பூட்டுக்காரரின் கை எண்ணெய்த் துணியோடு அப்படியே நின்றுவிட்டது. எழுத்து அவருக்குத் தெரிந்த எழுத்து.

"இதுல என்ன சார் இருக்கு?" என்றார் மரக்கடைக்காரர். "அந்தம்மா போட்டிருக்கும். போட்டுட்டுத்தானே திரும்பி வந்து என் வண்டியில விழுந்துச்சு? நான் சொன்னதைத்தான் நீங்களும் நிரூபிக்கிறீங்க."

மச்சினனுக்கு அவர் சொல்வது சரிதானே என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு நோட்டைப் புரட்டினான். கேள்விக்குறி போட்ட வரி கண்ணில் பட்டது. அடுத்த பக்கத்தில் பூட்டுக்காரர் சொன்னது.

"அந்தம்மா போடமாட்டாங்க," என்றான் தன்னை அறியாமல். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் குரல் கம்மியது. ஆனாலும் நிறுத்தவில்லை. "இந்தப் பெட்டி திறக்காதுன்னு அவங்களுக்குப் பதினோரு வருஷத்துல தெரியாம இருக்குமா? கடை சாத்தியிருந்தா ஷட்டருக்கு அடியில தள்ளுவாங்க. இந்தச் சந்து தெரியாதவங்கதான் இதுல போடுவாங்க. மணியும் அடிக்கலை. மேலே டீச்சருக்குக் கேக்கலை."

"மழையில அவசரத்துல போட்டிருக்கலாமே," என்றார் இன்சூரன்ஸ் அதிகாரி.

"போட்டிருக்கலாம்," என்றார் சர்வேயர் நிதானமாக. "அதனால உறையைத் திருப்பிப் பாருங்கம்மா. நீங்க வெளிச்சத்துல பிடிச்சப்ப ஒட்டுற மடிப்புக்கிட்ட, சேத்துக்குள்ள ஏதோ மின்னுச்சு."

அலுவலர் திருப்பினார். மடிப்பின் இடுக்கில், காய்ந்த சேற்றில் பதிந்து, நகத்தளவு ஆரஞ்சு நிறத் துண்டு ஒன்று இருந்தது.

இப்போது சர்வேயர் இன்சூரன்ஸ் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தன் உறையைப் பிரித்து, காரின் முன்பக்க மூலையில், திரும்பும்போது மின்னும் விளக்கின் உடைந்த ஆரஞ்சு மூடியை வெளியே எடுத்தார். அதன் ஓரத்தில் ஒரு சில்லு குறைந்திருந்தது. அலுவலர் சின்ன இடுக்கியால் துண்டை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். துண்டு உட்கார்ந்தது.

"இது அடிபட்டப்ப உடைஞ்ச விளக்கு," என்றார் சர்வேயர். "அந்தம்மா சந்துல தபாலைப் போட்டுட்டு அப்புறம் அடிபட்டாங்கன்னா, பெட்டிக்குள்ள முன்னாடியே விழுந்த கடிதத்துல, பின்னாடி உடைஞ்ச விளக்கு எப்படி வந்து ஒட்டும்? அடிபட்டப்ப இந்தக் கடிதம் பையிலதான் இருந்திருக்கு. ரோட்டுல கொட்டி, சேத்துலேயும் உடைஞ்ச சில்லுலேயும் புரண்டிருக்கு. அப்புறம் யாரோ பொறுக்கி, சந்து முழுக்க நடந்து, கதவு நம்பர் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்காங்க. டீச்சர் வீட்டுத் தபால் சேறா இருந்ததும் அதனாலதான். சைக்கிளைச் சந்து வாயில ரோட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டதும் அதே ஆளுதான். சந்துத் தபால் பையிலேயே இருந்தா, அந்தம்மா சந்துக்குள்ள போகவே இல்லைன்னு தெரிஞ்சுடும். நேரா ரோட்டுல வந்தவங்களை, சந்துக்குள்ள வெட்டித் திருப்பின கார் அடிச்சதுன்னும் தெரிஞ்சுடும். திருப்பும்போதுதான் வண்டியோட முன்மூலை இடிக்கும், அந்த மூலை விளக்கு உடைஞ்சதே அதுக்குச் சாட்சி. மருந்துக்கடைக்காரர் ஆஸ்பத்திரியில. பூட்டுக்காரர் வெளியில. இருந்தது யாருன்னு அய்யாவே சொல்லிட்டாரு. ஒத்தை ஆளா நின்னாராம்."

"உடைஞ்ச விளக்குக்கு வேற பணம் கேட்டிருக்காரு," என்றான் மச்சினன்.

மரக்கடைக்காரர் அலுவலரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கடைசியில் தபால்காரியைப் பார்த்தார். "மழைம்மா. கண்ணே தெரியலை. வேணும்னா பண்ணினேன்?"

"அடிச்சது வேணும்னு இல்லை," என்றாள் தபால்காரி. "வீடு வீடாப் போய்க் கடிதம் போட்டீங்களே, அது? அப்பவும் கண்ணு தெரியலையா? கதவு நம்பர் மட்டும் நல்லாத் தெரிஞ்சிருக்கு."

இன்சூரன்ஸ் அதிகாரி மெல்ல அவள் அருகில் வந்தார். "அம்மா, நாம உட்கார்ந்து பேசலாம். தொகையை மாத்தி எழுதித் தர்றோம். விசாரணை வரைக்கும் இழுக்க வேண்டாமே."

"இழுக்கணும்," என்றாள். "மூணாவது வரியை நீங்க எழுத்துல எழுதினீங்க. அது பொய்னு தீர்ப்பாயமும் எழுத்துலதான் சொல்லணும். அந்தக் காகிதம் என் ஆபீஸுக்கும் போகணும். தொகையைப் பத்தி அங்கேயே பேசிக்கலாம். முழுசா."

அலுவலர் நீல உறையைப் படம் பிடித்துவிட்டு, பைக்குள் வைக்கப்போனார்.

"கொஞ்சம் நில்லுங்கம்மா," என்றாள் தபால்காரி.

"இது சாட்சியம்."

"இருக்கட்டும். அதுக்கு முன்னாடி அது என் பையில இருந்த தபால். இன்னும் பட்டுவாடா ஆகலை. நான் குடுத்ததுக்கப்புறம் அவர்கிட்ட கேட்டு வாங்கிக்குங்க."

அலுவலர் சட்டம் தேடுவதுபோல் ஒரு நிமிடம் நின்றார். பிறகு துண்டைத் தனி உறையில் போட்டு மூடி எழுதிவிட்டு, கடிதத்தை நீட்டினார்.

கடை வாசல் ஆறடி தூரம். தபால்காரி ஊன்றுகோலை ஒரு கையிலும் கடிதத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். மடங்காத கால் தரையில் அரைவட்டம் போட்டது. யாரும் கை கொடுக்கப் போகவில்லை. மச்சினனும் போகவில்லை.

"தபால்," என்றாள், பதினோரு வருடம் சொன்ன அதே குரலில்.

பூட்டுக்காரர் எண்ணெய்க் கையை வேட்டியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு வாங்கினார். ஓரத்தை ஒட்டிக் கவனமாகக் கிழித்து, உள்ளிருந்த காகிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெற்று உறையை அலுவலரிடம் நீட்டினார். "உறை உங்களுக்கு. உள்ள இருக்கிறது என்னோடது."

தபால்காரி மச்சினனின் நோட்டைப் பார்த்தாள்.

"பட்டுவாடா ஆச்சுன்னு எழுதுங்க தம்பி. நேரமும் போடுங்க. ஏன் ஏழு மாசம் லேட்டுன்னு யாராவது கேட்டா, காரணத்தைப் பேரோட எழுதிடுங்க."

மச்சினன் மணி பார்த்து எழுதத் தொடங்கினான்.